மீட்டும் விரல்: காஞ்சிபுரத்து யாழிலிருந்து கிடார் வரை

நரம்புக் கருவியை வெறும் விரலால் மீட்டுவதா, விரலில் எதையேனும் அணிந்துகொண்டு மீட்டுவதா என்பது கிடார் கற்போர் விரைவிலேயே எதிர்கொள்ளும் கேள்வி. கட்டைவிரலில் பிளாஸ்டிக் வளையமும் மற்ற விரல்களில் உலோகத் தகடுகளும் மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் கீழ்ச்சுருதியையும் மற்ற விரல்களால் பாட்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. ஆயினும் அதன் அடிப்படைச் சிக்கல்கள் தமிழ் இசைக்குப் புதியவை அல்ல. எந்த விரல் எந்த நரம்பைத் தொடுவது, சதையா நகமா, ஒலியின் அளவா அதன் நுட்பமா என்ற கேள்விகள் யாழிலும் வீணையிலும் எழுந்தவையே. காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இலக்கியம், சிற்பம், இசை மரபு ஆகியவற்றின் வழியே அந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

பெரும்பாணனும் காஞ்சியும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்துவதாக நூல் அமைந்துள்ளது. நூற்பெயரே கருவியிலிருந்து பிறந்தது: பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர், சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். ஆகவே காஞ்சியைப் பற்றிய இந்தப் பழைய பாடல், விரலால் நரம்பை மீட்டிப் பிழைத்த ஒரு கலைஞனை நோக்கிப் பேசுகிறது.

நூலின் தொடக்கத்திலேயே பாணனின் யாழ் வருணிக்கப்படுகிறது. அதன் தோற்போர்வைக்குப் பாதிரிப்பூவும், முறுக்கிய நரம்புகளுக்குப் பொற்கம்பியும் உவமையாகின்றன. யாழ் உடலின் இடப்பக்கமாக அணைத்துப் பிடிக்கப்படுகிறது. இதே நூலில் எளிய யாழ் ஒன்றும் வருகிறது. குழலூதிச் சலித்த இடையன், உட்துளையுடைய குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, விரலால் எறிந்து குறிஞ்சிப் பண்ணை எழுப்புகிறான். அரசவைக்குச் செல்லும் பேரியாழும் மேய்ச்சல் நிலத்து வில்யாழும் தோற்றத்தில் வேறானவை. இரண்டும் விரலால் ஒலிப்பவை.

கரணங்கள்: விரல்தொழிலின் பெயர்கள்

யாழ் வாசிப்பின் விரல்நுட்பம் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலிருந்தும் அதன் உரைகளிலிருந்தும் கிடைக்கிறது. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் சிலவற்றுக்குப் பழைய உரை தரும் விளக்கங்கள் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானவை.

வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை உள்ளும் புறமுமாக ஆராய்தல். உறழ்தல் என்பது ஒரு நரம்பையோ இரண்டு நரம்புகளையோ இடையில் விட்டு மீட்டுதல். உருட்டலில் நான்கு வகை உண்டு: இடக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுதல், வலக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுதல், சுட்டுவிரலோடு பெருவிரலைக் கூட்டி உருட்டுதல், இரு பெருவிரல்களும் இயைந்து உருட்டுதல்.

இன்று விரல்நடைக் கிடார் கற்பவர் முதல் மாதங்களில் செய்யும் பயிற்சிகள் இவற்றிலிருந்து வெகுதொலைவில் இல்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாறிமாறி மீட்டுதல், நரம்புகளைத் தாவி மீட்டுதல், விரல்களைத் தொடர்ச்சியாக உருளவிடுதல் ஆகியவை அங்கும் பாலபாடம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. பல நரம்புகளும் ஐந்து விரல்களும் சந்திக்கும் இடத்தில் கை கண்டுபிடிக்கக்கூடிய வழிகள் சிலவே.

இந்தச் சொற்கள் பொதுவாசகருக்குக் கிடைத்ததும் அண்மையில்தான். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் 1892இலும் அச்சிட்டார். அவற்றைக் கொண்டு யாழின் வடிவத்தையும் சுருதிகளையும் கணக்கிட்டு மீட்க முயன்றவர் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவரது 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

யாழின் மறைவு

பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகள் கணக்குச் சொல்கின்றன. இத்தனை வகையும் இத்தனை கலைச்சொல்லும் கொண்டிருந்த கருவி எப்படி வழக்கிழந்தது?

விடையின் ஒரு பகுதி கருவியின் அமைப்பிலேயே உள்ளது. வில்வடிவ யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு உரியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வதற்கோ, சுரத்தை அசைத்து வளைப்பதற்கோ நரம்பின்மேல் ஓடி அழுத்தும் ஒரு விரல் வேண்டும். யாழில் அதற்கான தண்டு இல்லை. திருஞானசம்பந்தரின் பதிகத்தைத் தம் யாழில் இசைக்க இயலாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்க முற்பட்டார் என்ற பெரியபுராணச் செய்தி தருமபுரத்தோடு தொடர்புடையது. அப்பதிகம் யாழ்முரி எனப்படுகிறது. சமய வரலாறாக அதன் பொருள் வேறு. இசை வரலாறாகப் பார்த்தால், குரலின் வளைவுகளுக்கு ஈடுகொடுக்க முடியாத ஒரு கருவியின் எல்லையை அந்தக் கதை காட்டுவதாகக் கொள்ளலாம்.

மறுபகுதி சமூகம் சார்ந்தது. பாணர் அரசவைகளில் இருந்த இடத்தை இழந்தபோது அவர்களின் கைப்பழக்கமும் போயிற்று. நூல்களில் கரணங்களின் பெயர்கள் தங்கின. அவற்றைச் செய்துகாட்டும் கை தங்கவில்லை. வார்தல் எவ்வளவு அழுத்தமாக இருக்கவேண்டும், விரலின் எந்தப் பகுதி நரம்பைத் தொடவேண்டும் என்பவை எழுத்தில் வரவில்லை. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் கற்கவேண்டியவை அவை.

கயிலாசநாதர் கோயிலில் வீணை

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனால் எழுப்பப்பட்டது. திருச்சுற்றிலுள்ள சிற்றாலயங்களில் மன்னனின் பட்டப்பெயர்கள் இருநூறுக்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வீணா நாரதன், ஆதோத்திய தும்புரு, வாத்திய வித்தியாதரன் ஆகியவை இசை தொடர்பானவை. மன்னன் தன்னைக் கருவியிசையில் வல்லவனாகக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பது இவற்றால் தெளிவு.

இக்கோயிலில் வீணை ஏந்திய சிவபெருமானின் உருவங்களும் உள்ளன. வீணாதரர் என்று இவ்வடிவம் அழைக்கப்படும். பெரும்பாணனின் வளைந்த யாழிலிருந்து வேறுபட்ட, நீண்ட தண்டையுடைய கருவியையே இறைவன் கையில் சிற்பி அமைத்தான். பெரும்பாணன் வந்துசேர்ந்த அதே நகரில், சில நூற்றாண்டுகளுக்குப் பின், தண்டு வீணை இறைவனின் கருவியாகிவிட்டது. தண்டு வந்ததும் இரு கைகளின் வேலையும் பிரிந்தது. இடக்கை சுரத்தை உண்டாக்கும். வலக்கை ஒலியை எழுப்பும். வீணைக்கும் கிடாருக்கும் பொதுவான பிரிவினை இது.

வீணையின் வலக்கை

இன்று நாம் அறிந்த தஞ்சாவூர் வீணை 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் வடிவம் பெற்றதாகக் கூறுவர். மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிப்பதற்கு 4 தந்திகள், பக்கவாட்டில் 3 தாளத் தந்திகள் கொண்டது அது. வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளைக் கீழ்நோக்கி மீட்டும். சுண்டுவிரல் தாளத் தந்திகளை மேல்நோக்கித் தட்டும். தாளத் தந்திகள் சட்சம், பஞ்சமம், மேல் சட்சம் என்று சுருதி சேர்க்கப்பட்டிருக்கும்.

யாழில் நரம்பு என்று வழங்கியது வீணையில் தந்தி, கம்பி என்றாயிற்று. உலோகக் கம்பியை நாள்தோறும் பல மணிநேரம் மீட்டினால் நகம் தேயும், தோல் காய்க்கும். அதனால் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த மீட்டுவளையம் அணிவது பரவலாயிற்று. தண்டில் மெட்டே இல்லாமல், இடக்கையில் ஓர் உருளையை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையிலும் வலவிரல்களுக்கு இத்தகைய அணி உண்டு.

காஞ்சிபுரத்துக்கும் வீணைக்கும் உள்ள உறவில் முத்துசுவாமி தீட்சிதருக்குத் தனியிடம் உண்டு. வைணிகரான அவர் சில ஆண்டுகள் இந்நகரில் தங்கியிருந்தார். ஏகாம்பரநாதர்மீது 'சிந்தய மாகந்த மூலகந்தம்' என்ற பைரவி ராகக் கீர்த்தனையை இயற்றியவர் அவரே. சவுக்க காலத்தில் அசையும் அவருடைய கீர்த்தனைகளில் வீணைத் தந்தியின் நீண்ட கார்வை கேட்கிறது. அவர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளைத் தந்து, கையின் நுட்பத்தைத் தாளில் பிடிக்க முயன்றது.

தனம்மாளின் வெறும் விரல்

மீட்டுவளையம் பரவிய காலத்திலும் அதை அணியாமல் வாசித்தவர்களுள் புகழ்பெற்றவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பு, இசையறிந்தோர் நாடிச் சென்று கேட்டது. அந்த ஒலி சிறியது. கூடியிருந்தோர் ஓசையின்றி அமர்ந்திருந்தால்தான் கேட்கும். 1930களில் கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவுசெய்தது.

வெறும் விரலுக்கும் உலோகத்துக்கும் இடையே ஒலியில் ஏன் இத்தனை வேறுபாடு? விரல்சதை அகலமானது, மென்மையானது. அது கம்பியை விட்டு விலகும்போது நுண்ணிய மேல்சுருதிகள் மழுங்கிவிடும். உலோகத்தின் விளிம்பு குறுகலானது, கடினமானது. கம்பி சட்டென்று விடுபடுவதால் மேல்சுருதிகள் பிரகாசமாக எழும். ஒலி தூரம் செல்லும். ஆனால் உலோகம் கம்பியைத் தொடும் 'டிக்' என்ற ஓசையும் கூடவே வரும். சிறு கூடத்தில் வாசித்தவருக்குச் சதை போதுமானதாக இருந்தது. சபா மேடைக்கு வந்தவருக்கு உலோகம் தேவைப்பட்டது. ஒலிபெருக்கி பரவிய பின் அந்தத் தேவை குறைந்தது, பழக்கமோ நிலைத்துவிட்டது.

தனம்மாளின் மரபு காஞ்சிபுரத்தோடும் பிணைந்தது. அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் (1889–1934) பாட்டுக் கற்றனர். நாயனா பிள்ளை லய நுட்பத்துக்குப் பெயர்பெற்றவர். அதே ஊரில் 1919இல் பிறந்த டி. கே. பட்டம்மாளின் பாட்டிலும் அவருடைய தாக்கம் உண்டு. தனம்மாள் வழியில் பாட்டோடு வீணையும் கையாண்ட பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பாட்டி வாசிக்கும்போது பேத்திகள் அருகிருந்து கேட்டதாலேயே அந்த இசைநடை தொடர்ந்தது. பாணரின் கைக்குக் கிடைக்காத பேறு அது.

எஃகுக் கம்பியும் தம்ப் பிக்கும்

கிடாரின் கதை வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பியக் கிடார் நெடுங்காலம் குடல்நரம்பு கட்டப்பட்ட கருவி. அதை விரல்சதையாலும் நகத்தாலும் மீட்டினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எஃகுக் கம்பி பரவியது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்குப் பின் ஹவாயித் தீவு இசைமீது பெரும் மோகம் எழுந்தது. மடியில் கிடாரைக் கிடத்தி, கம்பிமேல் எஃகுத் துண்டை வழுக்கி, வலக்கை விரல்களில் பிக் அணிந்து வாசிப்பது ஹவாயிக் கிடாரின் முறை. அதை உருவாக்கியவராக ஜோசப் கெகுக்கு பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கு முன்பே ஹொனலூலுவில் இப்படி வாசித்தார் என்ற கூற்றும் உண்டு.

நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் கிடாரில் கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) தம்ப் பிக்கின் ஆற்றலைப் பரவச் செய்தார். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறிமாறித் தாளம் போட, சுட்டுவிரல் பாட்டை எடுத்துச்செல்லும் நடை அவர் பெயராலேயே வழங்குகிறது. செட் அட்கின்ஸ் (1924–2001) அதில் மேலும் இரு விரல்களைச் சேர்த்தார். ரெவரெண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பிக் அணிந்து வலுவாக வாசித்தார். மிசிசிப்பி ஜான் ஹர்ட் வெறும் விரலால் மென்மையாக வாசித்தார். தனம்மாள் காலத்து வீணையில் இருந்த அதே இருவழி அங்கும் இருந்தது.

இந்தியாவில் கிடார்

சமோவாவில் பிறந்த தாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் வாழ்ந்து ஹவாயிக் கிடாரைப் பரப்பினார். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) அக்கருவியில் இந்துஸ்தானி இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். விசுவ மோகன் பட் ரை கூடருடன் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது.

தமிழகத்தில் கிடார் பெரும்பாலும் திரையிசை வழியாகக் காதுக்கு வந்தது. 1982இல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில், சுரங்களைத் தனித்தனியே பிரித்து மீட்டும் கிடார் ஒரு தலைமுறையையே அக்கருவியின்பால் ஈர்த்தது. கர்நாடக இசையைக் கிடாரில் வாசிக்கும் முயற்சியில் சுகுமார் பிரசாத் முன்னோடி. அவருக்குப் பின் இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். பிரசன்னா நிறுவிய சுவர்ணபூமி இசைக்கழகம் 2010இல், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் தொடங்கியது.

பட்டும் வெள்ளியும்

நெசவூரான காஞ்சிபுரத்தில் கிடார்க் கம்பியின் அமைப்பை விளக்குவது எளிது. சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நைலான் வருவதற்குமுன் கிடாரின் கீழ்ச்சுருதி நரம்புகளும் ஏறக்குறைய இப்படியே செய்யப்பட்டன: உள்ளே பட்டிழைகள், வெளியே வெள்ளிப்பூச்சுள்ள செம்புக் கம்பியின் சுற்று. நரம்பின் எடையைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்தவும், அதே வேளையில் வளையும் தன்மையைக் காக்கவும் இந்த உத்தி பயன்பட்டது. எஃகு உள்ளீட்டின்மேல் பட்டிழை வைத்துச் சுற்றிய கம்பிகள் இன்றும் விற்கின்றன. அவற்றின் இழுவிசை குறைவு; ஒலி மென்மை. வெறும் விரலால் வாசிக்க விரும்புவோர் அவற்றை நாடுவதற்கு அதுவே காரணம்.

கற்பவர் கவனிக்கவேண்டியவை

தம்ப் பிக் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கும். அதன் அலகு மற்ற விரல்களின் பக்கம் நீண்டிருக்கும். ஃபிங்கர் பிக்கின் தகடு நகத்தின்மேல் அமையாது. விரல்நுனியின் சதைப்பக்கத்தை மூடி வளைந்து நிற்கும். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். தளர்வாக இருந்தால் சுழலும். பிளாஸ்டிக் பிக்கை வெந்நீரில் இளக்கி வடிவத்தைச் சரிசெய்யலாம். உலோகப் பிக்கைக் கையாலேயே வளைக்கலாம். அலகு விரலைவிடச் சற்று நீண்டிருப்பதால் கம்பியின் தூரத்தைக் கை புதிதாக உணரவேண்டியிருக்கும். தொடக்கத்தில் கம்பி தவறுவது இயல்பு. மெதுவான காலத்தில் தொடங்குவதே அதற்கு மருந்து.

வீணை பயின்றவர் கிடாருக்கு வரும்போது ஒரு தலைகீழ் மாற்றத்தைச் சந்திப்பார். வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் கீழ்நோக்கி மீட்டும். சுருதிக்குச் சுண்டுவிரல் மேல்நோக்கித் தட்டும். கிடாரில் சுருதியைக் கட்டைவிரல் கீழ்நோக்கி மீட்டும். பாட்டைச் சுட்டுவிரலும் நடுவிரலும் உள்ளங்கை நோக்கி மேலே இழுக்கும். திசை மாறினாலும் வேலைப்பிரிவு ஒன்றே: ஒருபுறம் சுருதியும் தாளமும், மறுபுறம் பாட்டு.

இந்த ஒற்றுமையைப் பயிற்சியாகவே மாற்றலாம். கிடாரின் ஆறாம் கம்பியை 'ஈ'யிலிருந்து 'டி'க்கு இறக்கினால் ஆறு, ஐந்து, நான்காம் கம்பிகள் டி, ஏ, டி என அமையும். 'டி'யைச் சட்சமாகக் கொண்டால் அவை ச, ப, மேல் ச. வீணையின் மூன்று தாளத் தந்திகளும் இதே சுரங்களில் சேர்க்கப்படுபவை. கட்டைவிரல் இம்மூன்றையும் சீரான ஆதிதாள நடையில் மீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேற்கம்பிகளில் சரளிவரிசையை வாசிக்கலாம். கட்டைவிரல் தாளம் தவறாமல் தானாக ஓடத் தொடங்கிய பிறகே விரல்களின் வேகத்தைக் கூட்டவேண்டும். முதலில் வெறும் விரலால் இதைப் பழகி, பிறகு தம்ப் பிக்கை மட்டும் சேர்த்து, கடைசியாக விரல்களுக்கும் அணிந்தால் மூன்று ஒலிகளின் வேறுபாட்டையும் காது தானே அறிந்துகொள்ளும்.

கமகத்துக்கு மட்டும் கிடார் எளிதில் இடம்கொடுப்பதில்லை. வீணையின் மெட்டுகளுக்கிடையே தந்தியை ஆழமாக இழுக்கமுடியும். எஃகுக் கிடாரில் அந்த இடம் குறைவு. அதனால் சிலர் கம்பியைப் பக்கவாட்டில் வளைக்கின்றனர். சிலர் தண்டின்மேல் விரலை வழுக்குகின்றனர். சிலர் உருளையைக் கையிலெடுத்துச் சித்திரவீணையின் வழிக்கே திரும்புகின்றனர். யாழை வீழ்த்திய அதே தேவை, கிடாரை வேறு வழி தேடச் செய்கிறது.

பெரும்பாணனின் கைவிரல்கள் எப்படி அசைந்தன என்பதற்கு இன்று சொற்களே எஞ்சியுள்ளன. தனம்மாளின் விரலுக்குச் சில இசைத்தட்டுகளும், கேட்டுக் கற்ற வழித்தோன்றல்களும் உண்டு. கிடார் கற்பவருக்குக் காணொளிகளும் கம்பி எண்ணைக் குறிக்கும் தாள்களும் ஏராளம். ஆயினும் பிக்கின் கோணத்தையும் மணிக்கட்டின் தளர்ச்சியையும் பார்த்துத் திருத்த அருகில் ஒருவர் இருப்பதே இன்றும் விரைவான வழி. வடித்தலுக்கும் உருட்டலுக்கும் உரை எழுதியவர், அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தோ, பார்த்தவரிடம் கேட்டோதான் எழுதியிருக்கமுடியும்.